டர்பனில் ஒரு சிறு தமிழ் இதழுக்கு விளம்பரம் சேர்த்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில், என் வீட்டு முன்னறையில் இருந்தபடி, தமிழும் ஆங்கிலமும் கலந்த 16 பக்க மாத இதழ் ஒன்றைத் தனியாளாக நடத்தி வருகிறேன். திருவிழா நாட்கள், விரத முறைகள், பாட்டிமார் கைப்பக்குவம், சிறுவர்களுக்கான எழுத்துப் பயிற்சி ஆகியவற்றைத் தாங்கி வரும் அந்த இதழில் 500 படிகள் அச்சிட்டு, கோயில் வாசல்களிலும் தமிழ் வகுப்புகளிலும் இலவசமாகக் கொடுக்கிறேன். முதல் எட்டு மாத அச்சுக்கூலி முழுவதும் என் ஓய்வூதியத்திலிருந்தே போயிற்று. அதற்கு மேல் தாங்காது என்ற நிலையில்தான் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கினேன்.

கால் பக்கத்திற்கு 300 ராண்ட் என்று எழுதிய கட்டணப் பட்டியலுடன், “தமிழுக்கு ஆதரவு தாருங்கள்” என்று கேட்டபடி பன்னிரண்டு கடைகளுக்குப் போனேன். எல்லோரும் மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். இருவர் 100 ராண்ட் நன்கொடையும் தந்தார்கள். விளம்பரம் மட்டும் ஒருவரும் தரவில்லை. மளிகையும் பூசைச் சாமான்களும் விற்கும் ஒரு பெரியவர், “அம்மா, இங்கே தமிழ் படிக்கிறவங்க யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இளக்காரம் இல்லை. 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்து சேர்ந்த காலந்தொட்டுத் தலைமுறைகள் பல கடந்துவிட்ட நம்மிடையே, தேவாரம் பாடத் தெரிந்தும் அதை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறவர்கள் ஏராளம். நான் விளம்பரம் என்ற பெயரில் நன்கொடைதான் கேட்டிருக்கிறேன் என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. நன்கொடையை ஒருவர் ஒருமுறை மனமுவந்து தருவார்; மாதந்தோறும் பணம் தர வேண்டுமானால், அவர் கடைக்கு ஆள் வர வேண்டும்.

அடுத்த இரண்டு மாதம் விளம்பரமே கேட்கவில்லை. எந்தக் கோயிலில் எத்தனை படிகள் வைத்தேன், ஞாயிறு மாலையில் எத்தனை மிஞ்சின என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். வாங்கிச் செல்கிறவர்களிடம் என்ன படிக்கிறீர்கள் என்றும் கேட்டேன். பெரும்பாலோர் விரதப் பக்கத்தைக் கிழித்துச் சமையலறையில் ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜூலைக் கடைசியில் அந்த நோட்டுடன் அதே பெரியவரிடம் போய், “ஐயா, இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள், ஆனால் புரட்டாசி மாதம் முழுவதும் வீட்டில் மீனும் இறைச்சியும் சமைக்காதவர்கள். செப்டம்பர் நடுவில் மாதம் பிறக்கும்போது பருப்பும் கற்பூரமும் எங்காவது வாங்கத்தான் போகிறார்கள்” என்றேன். அவர் நோட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கம் நிதானமாகப் பார்த்தார்.

அந்த விளம்பரத்தை நானே எழுதினேன். கடைக்காரர்கள் வழக்கமாகத் தருவது முகவரி அட்டையைத்தான். அதை அப்படியே அச்சிட்டால் யார் கண்ணிலும் படாது. “புரட்டாசிச் சாமான் எல்லாம் ஒரே இடத்தில்” என்று தமிழில் பெரிதாக ஒரு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் அதே செய்தி, ஓரத்தில் கத்தரித்துக் கொண்டு போக ஒரு மூலை. அந்த மூலையைக் கொடுத்தால் ஒரு பொட்டலம் கற்பூரம் இலவசம். புரட்டாசி முடிந்த வாரம் கடைக்குப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் பில் குத்தி வைக்கும் கம்பியில் அந்த மூலைகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். இருவருமாக எண்ணினோம், 37 இருந்தன. சில நேராகக் கத்தரித்தவை, சில கையால் கிழித்தவை, ஒன்றில் மஞ்சள் கறை. தைப்பூசக் காவடி இதழுக்கு அரைப் பக்கம் வேண்டுமென்று அவரே சொன்னார். அந்த 37 என்ற எண்ணைச் சொல்லித்தான் புடவைக் கடை, சமையல் ஒப்பந்தக்காரர், பந்தல் வாடகைக்காரர் என்று மற்றவர்களைச் சேர்த்தேன்.

பண விஷயத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் மூன்று இதழ்களுக்கு விளம்பரம் போட்டுவிட்டு, பாக்கியைக் கேட்டுப் போகும் போதெல்லாம் அடுத்த வாரம் என்றார், இன்றுவரை வரவில்லை. அன்று முதல் அச்சுக்குப் போகும் முன்பே முழுப் பணமும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறேன். மதிப்புக் கூட்டு வரிக்கு நான் பதிவு செய்யவில்லை என்பதால், அந்த 15 சதவீதத்தை பில்லில் காட்டவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. வாசகர்களின் தொலைபேசி எண்களைக் கேட்ட ஒரு விளம்பரதாரருக்கு மறுத்துவிட்டேன். 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர்கள் சம்மதமின்றி அதைத் தர எனக்கு உரிமை இல்லை என்பது ஒரு காரணம். என்னை நம்பி எண்ணைத் தந்தவர்கள் அவர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இதே டர்பனில் 1903இல், தமிழையும் ஒரு மொழியாகக் கொண்டு தொடங்கிய, காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ், 1912இல் விளம்பரங்களையே நிறுத்திவிட்டது. எதை ஏற்பது எதை மறுப்பது என்ற சங்கடமும், பாக்கி வசூலிக்கும் அலைச்சலும், விளம்பரதாரரைப் புகழ வேண்டிய கட்டாயமும் அதற்குக் காரணங்கள் என்று காந்தி பின்னாளில் எழுதினார். மூன்றையும் நான் அனுபவித்துவிட்டேன். ஆனாலும் விளம்பரமின்றி என் இதழ் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது என்பதால், 16 பக்கங்களில் நான்குக்கு மேல் விளம்பரத்திற்கு இல்லை, கட்டுரையில் எந்தக் கடையின் பெயரும் வராது என்று வரம்பு வைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒருவர், சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்று ஒரு சூரணத்திற்கு முழுப் பக்க விளம்பரமும், அதைப் புகழ்ந்து என் பெயரில் ஒரு கட்டுரையும் கேட்டு, இரண்டு மாத அச்சுக்கூலிக்கு ஈடான பணத்தை மேசைமேல் வைத்தார். நம் வீடுகளில் அந்த நோய் இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் இதழை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்னால் தாங்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கென ஒதுக்கியிருந்த பக்கத்தில், சிறுவர்கள் எழுதிப் பழக ‘ழ’கரத்தைக் கட்டம் போட்டு அச்சிட்டேன்.