தீபாவளிக்கு முன் லயத்தில் பார்த்து வைக்க வேண்டியவை

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் விழும். மலையகத்தில் பின்னேர இடிமழை ஊற்றுவதும் அதே காலத்தில்தான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்திறங்கி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில், நாலு பேர் இருந்த காம்பரா அறையில் பத்துப் பேர் படுக்கும் வாரம் அது. அடுப்பும் அணையாது, பிலக் பொயின்ட்டும் ஓயாது. ஆபத்து என்றதும் எல்லாரும் பட்டாசைத்தான் சொல்வார்கள். லயத்தில் இருப்பவர்கள் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும்.

பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு இடையே நிற்கும் சுவர் தகரம் வரைக்கும் ஏறுவதில்லை. மேலே ஒரே வெளி. மூன்றாம் காம்பராவில் பிடித்த தீ மேலால் ஓடி எட்டாம் காம்பராவில் இறங்கும். காய்ந்த மரச்சட்டம், அடுப்புக்கு மேலே அடுக்கிய விறகு, வருடக்கணக்காகப் படிந்த புகைக்கரி என்று அதற்கு வழி நெடுக உணவு இருக்கிறது. “எங்கள் வீட்டில் எல்லாம் சரி” என்று ஒருவர் மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. பலகாரம் சுடத் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயமே சேர்ந்து கரியைக் கூட்டித் தள்ளி, அடுப்புக்கு மேலுள்ள விறகை இறக்கிவிட வேண்டும். அரைநாள் வேலைதான்.

அடுத்தது வயர். பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர் எங்கே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் நுழைகிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். காற்றுக்குத் தகரம் ஆட ஆட, அதன் விளிம்பு கத்தி மாதிரி வயரின் தோலை அறுக்கும். செம்பு தகரத்தில் பட்டால் கூரை முழுக்க கரண்ட். கூரைச் சட்டத்தில் கட்டிய உடுப்புக் காயப்போடும் கம்பியிலும் அது இறங்கும். மழைநாளில் ஈரத்துணியோடு அதைத் தொடுபவர் கதி என்ன? அந்த இடத்தில் ஒரு முழம் பிவிசி குழாயைச் செருகி, அதற்குள்ளால் வயரை விட்டால் போதும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டே இதைச் செய்ய வேண்டும், வயர் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் அவர்களுடையதையும் சேர்த்து.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம் பாதிதான் சரி. கரண்ட் கசிந்தால் அது விழும். ஒரே எக்ஸ்டென்ஷனில் கேத்தல், ரைஸ் குக்கர், அயர்ன் மூன்றையும் மாட்டி வயர் சூடேறினால் அது விழாது. 2000 வாட் கேத்தல் ஒன்றே ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். விலை மலிவான எக்ஸ்டென்ஷனின் வயர் அதையே தாங்காது. கையால் தொட்டுப் பாருங்கள், வயர் இளஞ்சூடாக இருந்தாலே கழற்றிவிட வேண்டும். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் வரை அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் காலையில் பீலியில் தண்ணீர் நூலாகத்தான் வரும். முதல்நாள் பின்னேரமே லயத்தின் இரு கோடியிலும் ஒவ்வொரு 200 லீட்டர் பீப்பாயை நிரப்பி, பக்கத்தில் இரண்டு வாளி, ஒரு மூட்டை மணல் வைக்க வேண்டும். முறுக்குச் சட்டியில் எண்ணெய் பற்றினால் அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கியடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைப் பெரிய மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். காஸ் வாசம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். ரெகியுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, துடைப்பத்தால் தரையோடு வெளியே தள்ளலாம். சுட்ட புண்ணுக்குப் பற்பசை பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. முதலில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும்.

தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. கிட்டவுள்ள நகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். தோட்டத்துக்கு நாம் கூப்பிடும் பேர் ஒன்று, பதிவில் உள்ள பேர் இன்னொன்று. பதிவுப் பேர், டிவிஷன், கிட்டவுள்ள தொழிற்சாலை மூன்றையும் அந்த எண்களுக்குக் கீழேயே எழுதுங்கள். பதற்றத்தில் நாக்கு குழறும். விருந்தாளிகளின் வேன்கள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கட்டும். பாதை வளையும் முடக்கில் ஒரு வேன் நின்றாலும் தீயணைப்பு வண்டி அதற்கு மேல் ஏறாது. ஊரைக் கூப்பிடக் கோயில் மணி சரிவராது, அன்றைக்குப் பூசைக்கும் அடிப்பார்கள். ஒரு இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதை வேறெதற்கும் அடிப்பதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

திருட்டுக்குப் பயந்து பெரிய பூட்டு வாங்குகிறார்கள். கள்ளன் பூட்டைத் தொடுவதில்லை. உக்கிய பலகையில் அரை அங்குல ஸ்க்ரூவால் பிடித்த கொண்டியை ஒரு கம்பியால் நெம்பினாலே கையோடு வரும். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, கதவை ஊடறுத்துப் போகும் போல்ட் நட்டைப் போட்டு, நட் உள்பக்கம் வரும்படி முறுக்குங்கள். குடும்பமாக ஹட்டன் டவுனுக்குப் போகும்போது அதை முகநூலில் போடாமல் பக்கத்துக் காம்பராவில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

பட்டாசு கொளுத்துவதற்கு முன் மரத்தில் குளவிக் கூடு இருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். புகையும் சத்தமும் அதைக் கிளப்பிவிடும். கிளம்பினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓட வேண்டும். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ 1990.

கடைசியாக மழை. 2014 இல் தீபாவளி அக்டோபர் 22. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது அதே மாதம் 29 ஆம் திகதி காலை. பலகார டின் காலியாகியிருக்காத வாரம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் ஆயத்தம், 150 பெய்தால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். நேர்ச்சுவர் உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவு. அளந்ததும் பழையபடி கோட்டுக்கு இறக்கிவிட வேண்டும். மரத்தடியில் வைக்காதீர்கள். மழை குறைவாகக் காட்டினாலும் ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினால், நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகினால், மேல்மலையில் புது வெடிப்புத் தெரிந்தால் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, நகை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். தீக்கும் அதே பைதான்.