ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தூக்கம்

பனானா யோஷிமோட்டோவின் 'கிச்சன்' கதையை நேற்று இரவு மறுபடி எடுத்தேன். ஜப்பானில் 1988இல் வந்த சின்னப் புத்தகம். கதையின் நாயகி மிகாகேவுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு பாட்டி. அவரும் இறந்துபோகிறார். அதற்கப்புறம் அவளுக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. கடைசியில் சமையலறையில், ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் கண் அசருகிறது. அப்பா போன பிறகு நானும் பல இரவுகள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு எப்போதும் நேரமாகும்.

அவளுக்குத் தங்க இடம் கொடுத்த யூயிச்சியின் வீட்டிலும் பிறகு ஒரு சாவு. இதற்குள் மிகாகே சமையல் ஆசிரியை ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். வேலையாக இசு தீபகற்பத்துக்குப் போன இடத்தில், இரவு ஒரு கடையில் கட்சுடோன் சாப்பிடுகிறாள். சோற்றின் மேல் பொரித்த பன்றிக்கறியும் முட்டையும், அவ்வளவுதான். ஆனால் ருசி அப்படி! உடனே இன்னொன்று பார்சல் கட்டச் சொல்லி, டாக்சி பிடித்து, தொலைவில் ஒரு விடுதியில் தனியாகக் கிடக்கும் யூயிச்சியிடம் கிளம்புகிறாள். போனால் கதவு பூட்டியிருக்கிறது. கையில் காயம் பட, கூரை மீது ஏறி அவன் ஜன்னலுக்குப் போகிறாள்.

அதே புத்தகத்தின் இன்னொரு கதையில், காதலனை இழந்த சாட்சுகி விடியற்காலையில் பாலம் வரை ஓடுகிறாள். அதுவும் பிடிக்கும். ஆனால் எனக்கு அந்த டாக்சிப் பயணம்தான். எத்தனை முறை படித்தாலும், அந்தச் சாப்பாடு ஆறிப்போய்விடக் கூடாதே என்று மனசு பதறுகிறது.