மிதந்த ஈரல்

தேவிபட்டினம் பக்கம் ஓர் அக்காவின் செம்மறி நேற்று செத்துப்போனது. ஈனப் பத்து நாள் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்தான் விஷம் வைத்துவிட்டார் என்று அழுதார். ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது.

அறுத்துப் பார்த்தேன். கருப்பையில் இரண்டு குட்டிகள். ஈரல் வீங்கி, வெளிர் மஞ்சளாக, கத்தியில் எண்ணெய் ஒட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. நல்ல ஈரல் மூழ்கிவிடும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இது சினைக்கால நச்சு. பெயரில்தான் நச்சு, யாரும் வைத்ததில்லை. கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டிகள் வேகமாக வளரும். அவை வயிற்றை அடைத்துக்கொள்வதால் தாயால் நிறையத் தின்ன முடியாது, கோடையில் மேய்ச்சலும் கிடையாது. உடம்பு தன் கொழுப்பையே கரைத்து ஈரலுக்கு அனுப்பும். ஈரல் செல்கள் திணறி, கொழுப்பைத் துளித்துளியாக உள்ளேயே தேக்கிக்கொள்ளும். கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறும்.

 

"நாலு நாளா தீனி எடுக்கல தம்பி, ஒதுங்கியே நின்னுச்சு" என்றார் அக்கா, அப்புறம்தான். அந்த முதல் நாளே கூப்பிடுங்கள், தயவுசெய்து. இரட்டைச் சினை என்று தெரிந்தால் கடைசி ஆறு வாரம் கொஞ்சம் கம்போ சோளமோ சேர்த்துக் கொடுங்கள், ஒரேயடியாக அல்ல, சிறிது சிறிதாகக் கூட்டி.