கல்ஃப்டன் பேன்ட்ரி நாட்குறிப்பு

நவம்பர் 1, 2025, சனி

ஹூஸ்டன்ல இன்னும் சரியா விடியக்கூட இல்ல, அதுக்குள்ள எங்க பேன்ட்ரி (இலவசமா மளிகை குடுக்கற இடம்) இருக்கற சர்ச் கட்டடத்தைச் சுத்தி வரிசை வந்துருச்சு, நாங்க கதவு திறக்கறதே ஒன்பது மணிக்குத்தான். பட்ஜெட் பாஸ் ஆகாம வந்த கவர்ன்மென்ட் ஷட்டவுன்னால, சாப்பாட்டுக்கு அரசாங்கம் குடுக்கற ஸ்னாப் பணம் இந்த மாசம் லோன் ஸ்டார் கார்டுல (டெக்சாஸ்ல அந்தப் பணம் வர்ற கார்டு) ஏறல. எப்பவும் வர்றவங்களோட புதுமுகமும் நிறைய. இந்தப் பக்கம் ஹோண்டுராஸ், எல் சால்வடார், குவாத்தமாலா, மெக்சிகோ குடும்பங்கதான் அதிகம். இந்த நாட்டுல தங்கறதுக்கான பேப்பர் இல்லாத அப்பா அம்மாவுக்கு ஸ்னாப் எப்பவுமே கிடையாது, இங்கயே பொறந்த புள்ளைங்க பேர்ல வர்றதத்தான் மொத்த வீடும் பங்கு போட்டு சாப்பிடுது, இப்ப அதுவும் நின்னுபோச்சு.

கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. முதல்ல கேட்டதே "ஐடி காட்டணுமா?"ன்னுதான். வேணாங்க, பேரு, வீட்ல எத்தன பேரு, வருமானம் எவ்வளவு, அதை நீங்களே சொல்லி கையெழுத்து போட்டா போதும், எந்த நாட்டு பேப்பர்னெல்லாம் கேக்கவே மாட்டோம்னு எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ்ல சொன்னேன். தலையாட்டினாங்க, ஆனா பை கைக்கு வர்ற வரைக்கும் ரோட்டுல போற ஒவ்வொரு வண்டியையும் திரும்பித் திரும்பி பாத்துட்டே இருந்தாங்க.

நவம்பர் 8, சனி

போன வாரம் கூட்டத்தை சமாளிக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பை கட்டிக் குடுத்துட்டோம். இன்னிக்கு பஸ் ஸ்டாப் பெஞ்சுல பாத்தா கிரான்பெர்ரி சாஸ் டின்னா இருக்கு. குப்பையில வீசல, வேற யாருக்காவது ஆகட்டும்னு அழகா அடுக்கி வச்சிருக்காங்க. பாத்ததும் ரொம்ப சங்கடமா போச்சு.

அதனால இன்னிக்கு டேபிள் போட்டு அவங்களையே எடுத்துக்க விட்டோம். மெதுவாத்தான் போச்சு, ஆனா இதுதான் சரி. பீன்ஸ்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைக்கக் கூடாதுங்க, மெக்சிகோக்காரங்க நிறைய பேர் பின்ட்டோ எடுக்கறாங்க, சால்வடார்க்காரங்க கை நேரா சின்ன சிவப்பு பீன்ஸுக்குத்தான் போகுது. இட்லிக்கு அரிசி கேட்டவங்ககிட்ட பாசுமதியை நீட்டினா எப்படி இருக்கும்?

எல்லாரும் கேட்டது டோர்த்தியா (மக்காச்சோள ரொட்டி) சுடற மாசா மாவு. யாரோ நல்ல மனசோட கார்ன் ஸ்டார்ச் ரெண்டு பெட்டி குடுத்திருக்காங்க, ஆனா அதுல டோர்த்தியா வராது. மாசாவுக்கு மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு ஊறவச்சு அரைக்கணும், அப்பதான் மாவு பிடிச்சா சேரும், அதுல இருக்கற நியாசின் சத்தும் உடம்புல சேரும்.

நவம்பர் 15, சனி

ஷட்டவுன் 12ஆம் தேதி முடிஞ்சிருச்சு, வரிசை மட்டும் குறையல. வாலண்டியருங்க எல்லாரும் காசு போட்டு மசேகா (கடையில விக்கற மாசா மாவு) வாங்கி வச்சிருந்தோம். ஒரு பாட்டி பையைத் தூக்கி ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாத்தாங்க, பேப்பர் மேலயே மூக்கை வச்சு மோந்து பாத்தாங்க, அப்புறம் என் கன்னத்தைத் தட்டி "கிராசியாஸ், மிஹா"ன்னாங்க. நம்மூர்ல கண்ணுன்னு கூப்பிடுவாங்களே, அப்படித்தான் இருந்துச்சு. இன்னொரு பையும் எடுத்துக்கங்கன்னு சொன்னேன், பின்னாடி நிக்கறவங்களைக் கை காட்டிட்டு நடந்துட்டாங்க.

முதல் வாரம் ஐடி காட்டணுமான்னு கேட்ட அம்மா போன வாரமும் வரல, இன்னிக்கும் வரல. சால்வடார்னு சொன்ன ஞாபகம். சிவப்பு பீன்ஸ் ரெண்டு பாக்கெட்டும் ஒரு மசேகாவும் டேபிளுக்கு அடியில எடுத்து வச்சிருக்கேன்.