கார்டிங் தீ: ஆய்வாளர் வரும்வரை பத்து நாட்கள்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். இரவு 2.40-க்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. நல்லவேளை, ஆட்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் ஐந்து கார்டிங் மெஷின்கள், கழிவுப் பஞ்சை உறிஞ்சிக்கொண்டு மேலே ஓடும் டக்ட் குழாய், பின்னால் அது போய்ச் சேரும் ஃபில்டர் ரூம் எல்லாம் கருகிப்போயின.

விடிவதற்குள் மில்லில் எல்லோரும் ஒரு காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதிகம் எரிந்தது ஃபில்டர் ரூம். அந்தப் பக்கம்தான் சிலர் பீடி குடிக்க ஒதுங்குவது வழக்கம். அன்று கார்டிங்கில் வேலை பார்த்தவன் ஒடிசாவிலிருந்து வந்த 22 வயதுப் பையன். "அவன்தான் பீடியைப் போட்டிருப்பான்" என்று கேன்டீன் வரை அதே பேச்சு. பையன் செக்யூரிட்டி ரூம் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நானோ பஞ்சு பேலுக்குள் வந்த இரும்புத் துண்டு, பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் பட்டுப் பொறி கிளம்பியிருக்கும் என்று நினைத்தேன். பஞ்சு மில்காரர்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். இரண்டுமே தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் இன்சூரன்ஸுக்காக நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவுப்படி, ஒரு தொகைக்கு மேல் நஷ்டம் என்றால் லைசென்ஸ் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும். அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "தீ எங்கே ஆரம்பிச்சதுன்னு தனியா ஒரு தீ ஆய்வாளர் பார்க்கணும், வர பத்து நாள் ஆகும்" என்றார். எங்களுக்கும் அது தெரிந்தாக வேண்டும். வழக்கமான தீ பாலிசியில் ஒரு விலக்கு உண்டு. ஒரு மோட்டார் தனக்குள் ஷார்ட் ஆகி எரிந்தால் அந்த மோட்டாருக்குப் பணம் கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றவற்றுக்கு உண்டு. அதனால் ஆரம்ப இடத்தைப் பொறுத்துக் கணக்கே மாறும்.

முதலில் கயிறு கட்டினேன். எரிந்த பகுதிக்குள் சூப்பர்வைசர் உட்பட யாரும் போகக்கூடாது. போனால் பெயரும் நேரமும் நோட்டில் ஏற வேண்டும். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. ஆர்டர் கையில் இருக்கிறது, நாள் ஒன்று போனால் நஷ்டம். "கருகினதை அள்ளிப் போட்டுட்டு மீதி மெஷினை ஓட்டுப்பா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தண்ணீர் பட்ட நல்ல மெஷின்களை அப்படியே விட்டால் கம்பிப் பற்கள் துருப்பிடிக்கும். நஷ்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்புதான். ஆகவே சர்வேயருக்கு ஒவ்வொன்றாக மெயில் போட்டேன்: இந்த இந்த மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போடுகிறோம், எரிந்த ஐந்தையும் டக்டையும் ஃபில்டர் ரூமையும் தொடமாட்டோம், கூரை ஷீட் உடைந்திருப்பதால் மேலே தார்ப்பாய் போடுகிறோம், சம்மதமா? அவர் சரி என்று எழுத்தில் தந்த பிறகே கை வைத்தோம். போனில் பேசியதைக்கூட அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுவேன்.

அப்புறம் கேமரா. கேமரா காட்சிகளைப் பதியும் எங்கள் டிவிஆரில் 15 நாள் பதிவுதான் நிற்கும், அதற்குமேல் பழையது அழிந்துவிடும். முதல் நாள் காலையிலேயே இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்தோம். டிவிஆர் கடிகாரம் செல்போனைவிட 11 நிமிடம் முந்தி ஓடுவதைப் பார்த்து, இரண்டையும் ஒரே போட்டோவில் எடுத்து வைத்தேன். மின் பேனலில் எந்தப் பிரேக்கர் தானாக விழுந்தது, எதை எலக்ட்ரீஷியன் கையால் இறக்கினார் என்பதை அவர் மறப்பதற்குள் கேட்டு எழுதினேன். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவ்களில் பதிவாகியிருந்த கோளாறு வரிசையை ரீசெட் செய்யாமல் அப்படியே படம் எடுத்தோம்.

அன்று ஷிப்டில் இருந்த எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்து, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னோம். ஒன்றாகப் பேசிக்கொண்டால் நாலு பேர் சொல்வதும் ஒரே கதையாகிவிடும். அந்தப் பையனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தமிழில் நாங்களே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்; நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவனே ஒடியாவில் எழுதினான். "மூன்றாம் மெஷினில் இரண்டு நாளாகக் கீச்சென்று சத்தம் வந்தது, ஃபிட்டரிடம் சொன்னேன்" என்று அதில் இருந்தது. ஃபிட்டர் அண்ணனும், "ஆமா சார், சொன்னான், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்னு விட்டுட்டேன்" என்று மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது.

தீயணைப்புத் துறை அறிக்கை, போலீஸ் ரசீது, மெஷின் பில்கள், ஸ்டாக் கணக்கு எல்லாம் அலைந்து வாங்கிவிடக்கூடியவை. என்னைத் தூங்கவிடாதது கிரீஸ் நோட்டு, அதாவது மெஷினுக்குக் கிரீஸ் போட்டதும் டிக் போடும் நோட்டு. மூன்றாம் மெஷினுக்குக் கடைசி இரண்டு மாதக் கட்டங்கள் காலி. ஆயில்மேன் லீவில் போனார். மாற்று ஆள் போட்டிருக்க வேண்டியவன் நான். "ரெண்டு டிக் போட்டா முடிஞ்சுது சார்" என்றார் ஒருவர். நோட்டைப் பூட்டி வைத்துச் சாவியை முதலாளியிடமே கொடுத்துவிட்டேன். கவனக்குறைவால் பிடித்த தீ பொதுவாகப் பாலிசிக்குள் வந்துவிடும். பொய்யாக எழுதிய நோட்டைக் கொடுத்து மாட்டினால் மொத்தக் க்ளெய்மும் போகும். அதைவிட, நான் டிக் போட்டிருந்தால் பழி முழுக்க அந்தப் பையன் தலையில்தான் விழுந்திருக்கும்.

பதினோராம் நாள் ஆய்வாளர் வந்தார். ஃபில்டர் ரூமில் அதிக நேரம் நிற்கவில்லை. அங்கே பஞ்சு குவிந்திருந்ததால் அதிகம் எரிந்திருக்கிறது, அதை வைத்து ஆரம்ப இடத்தைச் சொல்ல முடியாது என்றார். எரிந்த பஞ்சை டக்ட் உறிஞ்சிக் கொண்டுபோய் அங்கே போட்டிருக்கிறது. வயர்களைப் பார்த்தார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். மூன்றாம் மெஷின் பக்கம் அலுமினியப் பாகங்கள் வழிந்திருந்தன; செம்புக் கம்பி உருகவில்லை, ஷார்ட் ஆனால் நுனியில் திரளும் மணியும் இல்லை. மோட்டார் ஷார்ட் ஆகியிருக்கும் என்ற சந்தேகம் போயிற்று.

பிறகு அதே மெஷினில் பஞ்சை முதலில் பிய்த்து உள்ளே எடுக்கும் லிக்கர்-இன் உருளையின் இரண்டு பக்கப் பேரிங்குகளையும் எங்கள் முன்னாலேயே கழற்றச் சொன்னார். ஒரே ஷாஃப்ட், ஒரே தீ. ஒரு பக்கப் பேரிங் கருகியிருந்தாலும் குண்டுகள் உருண்டையாகவே இருந்தன, கருகிய கிரீஸும் ஒட்டியிருந்தது. மறுபக்கத்தில் குண்டுகள் தட்டையாகியிருந்தன. உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றி அரைத்து, இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. வெளியிலிருந்து வந்த தீ ஷாஃப்ட்டில் அப்படிப் பள்ளம் அரைக்காது, அந்தப் பேரிங் சூடேறித்தான் தீ ஆரம்பித்திருக்கிறது என்று விளக்கினார். இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, தேதி எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். கேமராவில் அந்தப் பக்கம் முதல் புகை தெரிந்த நேரத்தில் பையன் வரிசையின் கடைசி மெஷினில் கேன் மாற்றிக்கொண்டிருந்தான். 11 நிமிடத்தைக் கழித்துப் பார்த்தபோது அவன் எழுதிக் கொடுத்ததும் பொருந்தியது.

கிரீஸ் நோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். காலிக் கட்டங்களைப் படம் எடுத்துக்கொண்டு, "யார் பொறுப்பு?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எழுதிய கடிதத்தோடு பையனின் ரூமுக்குப் போனேன். அவன் மேல் புகார் எதுவும் இல்லை, நின்ற நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். அவன் பெட்டியைக் கட்டி வைத்திருந்தான். கடிதத்தைப் படித்துச் சொன்னதும் போனை எடுத்து ஊருக்கு, அம்மாவிடம் பேசினான். திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வந்துவிட்டான்.