ஆடி மாதம், காலி மண்டபம், ஒன்பது அறைக் கேனோபி

ஆடியில் கல்யாண மண்டபங்களுக்கு வேலை கிடையாது. அதே சமயம் துபாயில் பள்ளி விடுமுறை. அங்கே வேலை பார்க்கிற மதுரைக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊரில் இருப்பார்கள். இந்த இரண்டும் ஒத்து வந்ததால்தான், அழகர்கோவில் சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு மண்டபத்தில் பாராசூட் மடிக்கக் கற்றுக்கொள்ள நான் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

மதுரைக்கு மேலே குதிக்கப் போகிறாயா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்கு விமானம் வேண்டும், வான்வெளி அனுமதி வேண்டும், தடையில்லாத பெரிய இறங்குதளம் வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் துபாயிலோ தாய்லாந்திலோ அரியானாவின் நார்னோலிலோ குதித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் விமானத்திலிருந்து குதிக்கிற இந்த ஸ்கைடைவிங் விளையாட்டில் வானத்தில் கழிகிற நேரம் சொற்பம். 13,000 அடியில் வெளியேறி 5,500 அடியில் கேனோபியை, அதாவது பாராசூட்டின் விரிகிற துணியைத் திறந்தால் நடுவே முக்கால் நிமிடம்தான். அதன்பின் கேனோபியில் சில நிமிடங்கள். மிச்ச நாளெல்லாம் தரையில்: மடிப்பது, காற்று அடங்கக் காத்திருப்பது, அடுத்தவர் முதுகுப் பையைப் பூட்டுகிற ஊசி (பின்) சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, கதை பேசுவது. அந்தத் தரைப்பாடத்தில் பாதியையாவது மதுரையிலேயே படித்துவிட்டுப் போனால் வெளிநாட்டுக் காசு மிச்சம் என்பது என் கட்சி.

மண்டபத்தில் நாலு பேர் கூடினோம். துபாய் அண்ணன்தான் மூத்தவர், உச்ச நிலையான டி உரிமம் வைத்திருக்கிறார். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்கில் அதற்கு 500 குதியாவது முடித்திருக்க வேண்டும். கே.கே.நகரில் பல் மருத்துவராக இருக்கும் அக்கா, தாய்லாந்தில் பயிற்சி முடித்து, தொடக்க நிலையான ஏ உரிமம் வாங்கியவர். திருமங்கலத்துத் தம்பி மைசூரில் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு டேண்டம் குதித்ததோடு சரி. எனக்கு ஏ.எஃப்.எஃப். என்கிற, தனியாகக் குதிக்கப் பழக்கும் பயிற்சியின் நிலைகள் முடிந்துவிட்டன. ஏ உரிமத்துக்கான 25 குதியும், யார் உதவியும் இல்லாமல் என் கேனோபியை நானே மடித்துக் குதிப்பதும் பாக்கி. மண்டபம் அண்ணனின் சித்தப்பாவுடையது. பின்கட்டில் அப்பத்தா இருக்கிறார். மேற்பார்வை முழுக்க அவருடையது.

முதல் வேலை தரையைத் துடைப்பது. போன முகூர்த்தத்தின் எண்ணெய்ப் பிசுக்கு மூலைக்கு மூலை ஒட்டியிருந்தது. நைலான் துணிக்கு எண்ணெயும் ஆகாது, மணலும் ஆகாது, வெயிலும் ஆகாது. துடைத்து முடித்ததும் மேடைக்கு எதிரே அண்ணன் கேனோபியை விரித்தார். அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, பந்தல் துணி இம்புட்டு மெல்லிசா இருந்தா காத்துல கிழிஞ்சிராது?" என்றார்.

ஒன்பது அறை. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் வாய் திறந்திருக்கும். காற்று உள்ளே புகுந்து அடைத்துக்கொண்டால்தான் துணி இறக்கையாக மாறும். 1964-இல் இந்த அமைப்பைக் கண்டுபிடித்த டொமினா ஜால்பெர்ட், பட்டம் செய்கிற மனிதர். அதனால்தானோ என்னவோ இதைச் செலுத்தலாம், திருப்பலாம், காற்றை எதிர்த்து இறங்கலாம்.

மடிப்பதில் கை வேலையைவிடக் கண் வேலை அதிகம். தோள் பட்டையிலிருந்து கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கேனோபி வரைக்கும் நடந்து, எதுவும் சிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு மொத்தத்தையும் தோளில் தொங்கவிட்டு, அறை அறையாக மடிப்பை வெளியே இழுத்துவிட வேண்டும். கயிறுகள் நடுவில், துணி வெளியில். அப்புறம் ஸ்லைடர்: நாலு மூலையிலும் வளையம் வைத்த ஒரு செவ்வகத் துணி, கயிறுகளெல்லாம் அந்த வளையங்களுக்குள் ஓடும். அதை உச்சி வரை ஏற்றி வைத்தே மடிக்க வேண்டும். திறக்கும்போது அது மேலேயிருந்து நிதானமாக இறங்குவதால்தான் கேனோபி படிப்படியாக விரிகிறது. மணிக்கு 190 கிலோமீட்டரில் விழுந்துகொண்டிருக்கிற உடம்புக்கு மேலே ஒரே உதறலில் விரிந்தால் கழுத்தும் முதுகும் என்னவாகும் என்று அக்கா விளக்கமாகச் சொன்னார். டாக்டர்கள் இதை ரசித்துச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது.

தரையில் கிடத்தியபின் முட்டி போட்டு மேலே படுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். புதுத் துணி வழுக்கிக்கொண்டே இருக்கும், பழையது சொன்ன பேச்சு கேட்கும். கற்றுக்கொள்வதற்கு, முடிந்தவரை பழைய கேனோபியாகக் கேட்டு வாங்குங்கள். பைக்குள் திணித்து, கயிறுகளை ரப்பர் பேண்டில் வரிசையாகக் கோத்து, பின்னை மாட்டினால் முடிந்தது. அண்ணனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. எனக்கு, அப்பத்தா வெற்றிலை போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்த பிறகும் முடியவில்லை.

ரிசர்வை மட்டும் யாரும் தொடவில்லை. மெயின், அதாவது வழக்கமாகத் திறக்கிற முதல் கேனோபி, சொதப்பினால் உயிரைக் காக்கிற இரண்டாவது கேனோபி அது. அந்த வேலைக்கென்றே உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்கிறார்கள். பழைய ரிக் (பையும் இரண்டு கேனோபியும் சேர்ந்த முழு செட்) மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் ரிசர்வை எப்போது மடித்தார்கள் என்று குறித்த அட்டையைக் கேளுங்கள். அட்டை இல்லையா, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மத்தியானம் அவசரகாலப் பயிற்சி. வலது மார்பில் சிவப்புக் கைப்பிடி, அது மெயினைக் கழற்றிவிடும். இடப்பக்கம் உள்ளது ரிசர்வைத் திறக்கும். சிவப்பை இழுத்ததும் இரண்டு தோளிலும் மெயின் கழன்றுகொள்வது பில் பூத் 1970-களில் செய்த மூன்று வளையப் பூட்டினால். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம். அத்தனை பாரத்தையும் கடைசியில் ஒரு சின்ன நூல் வளையம் தாங்கும் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. "பாரு, பிடி, இழு" என்று அண்ணன் கத்தக் கத்த, வில்லாக முதுகை வளைத்து நின்று இழுத்தோம். முதலில் பார்க்க வேண்டும் என்பதை அவர் விடவே இல்லை. பதற்றத்தில் கை தப்பான இடத்தைத் தேடும். மாணவர்கள் 2,500 அடிக்குள் முடிவெடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழே மெயினோடு மல்லுக்கட்டக் கூடாது. ஆள் மயங்கியே போனாலும், சுமார் 750 அடியில் வேகத்தைப் பார்த்துத் தானே ரிசர்வைத் திறக்கிற கருவி ரிக்குக்குள் இருக்கும். "அது இருக்குன்னு நெனச்சுக் குதிக்கிறவன் என்கூட வர வேணாம்," என்றார் அண்ணன்.

அப்புறம் சக்கரப் பலகை. கார் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்துப் போவார்களே, அதேதான். வயிற்றை அதில் வைத்துப் படுத்து, கை காலை விரித்து, மண்டபத்துக்குள் உருண்டு உருண்டு ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிறோம். வானத்தில் பிடிக்கப் போகிற வரிசையைத் தரையிலேயே பழகுவது. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். மதுரையில் செய்யும்போது மட்டும் சன்னலில் நாலு பிள்ளைகள் நின்று சிரிக்கும்.

அப்பத்தா அக்காவைக் கூப்பிட்டு, "சேலை கட்டிக்கிட்டு குதிக்க முடியாதா தாயி?" என்றார்.

"குதிச்சிருக்காங்க அப்பத்தா. புனேக்காரம்மா, ஷீத்தல் மகாஜன்னு பேரு. 2018-ல தாய்லாந்துல 13,000 அடியில இருந்து, ஒம்பது கெசம் சேலையோட."

"கொசுவம் அவுந்து போகாதா?"

"காலுக்கு நடுவுல இழுத்துப் பின்னாடி செருகுற கட்டு. அதுக்கு மேலதான் பட்டையெல்லாம் மாட்டுனாங்க."

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா சரி," என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

சேலை விதிவிலக்கு. மற்றவர்களுக்கு ஜம்ப்சூட். இந்த விஷயத்தில் மதுரைக்கு நிகர் இல்லை. புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்காரர்களில் ஒருவரிடம் அண்ணன் தன் பழைய சூட்டைக் கொடுத்துப் புதிதாக ஒன்று தைத்து வாங்கியிருந்தார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூட்டமாகக் குதிப்பவர்கள் ஒரே வேகத்தில் விழுந்தால்தான் கை கோக்க முடியும். கனமானவர் வேகமாக விழுவார். அவருக்குக் காற்றைப் பிடிக்கிற மாதிரி தொளதொளவென்று பருத்தி கலந்த துணியில் தைக்க வேண்டும். ஒல்லியானவருக்கு வழுக்குகிற நைலானில் உடம்போடு ஒட்டி. அண்ணன் முதல் வகை, அக்கா இரண்டாவது. காரணத்தைச் சொன்னதும் தையற்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அக்குளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் துணி விடட்டுமா என்றாராம். அதுதான் சரியான இடம்.

மறுநாள் வெள்ளனே கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. அதற்காகவே தனியாக ஒரு நாள் போக வேண்டிய இடம். நாங்கள் போனது காற்றைப் பார்க்க.

ஆடிக் காற்று சமணர் மலை மேல் நின்றவனைச் சும்மா விடாது. அண்ணன் கையிலிருந்த காற்றுமானி 30 கிலோமீட்டரைத் தாண்டித் தாண்டி விழுந்தது. அமெரிக்க விதியில் மாணவர்களுக்குத் தரைக்காற்று உச்சவரம்பு மணிக்கு 14 மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். ஆக அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் விமானத்துக்குள்ளேயே ஏறியிருக்க முடியாது. காசு கட்டி, விடுப்பு எடுத்து, இரண்டு விமானம் மாறிப் போய், இப்படி ஒரு காற்று அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். போகிற இடத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். திரும்பும் டிக்கெட் நெருக்கினால்தான் ஆட்கள் தப்பான காற்றில் குதிக்கிறார்கள்.

உச்சியில் ஒரு விளையாட்டு. கீழே பார்த்து, இப்போது கேனோபியில் வருகிறாய், ட்ராப் ஜோன், அதாவது இறங்க வேண்டிய தளம், எட்டாது, எங்கே இறங்குவாய்? தம்பி உடனே வறண்ட கண்மாயைக் காட்டினான், நல்ல அகலம். "உள்ள என்ன பச்சையா இருக்கு?" என்றார் அண்ணன். சீமைக்கருவேல முள். தென்னந்தோப்பு வேண்டாம், சாலையை ஒட்டிய வயலும் வேண்டாம். மின்கம்பி மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும், இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி உண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மலைக்குக் கிழக்கே அறுவடை முடிந்த ஒரு தரிசு, பார்க்க மெத்தை மாதிரி. அதுவும் ஆகாதாம். காற்று மேற்கிலிருந்து வருகிறது, மலையைத் தாண்டிக் கீழே சுழல்கிறது. ஒரு தடையின் உயரத்தைப்போல் பத்து முதல் இருபது மடங்கு தூரம் வரை அந்தச் சுழல் கேனோபியைக் கசக்கும். கடைசியில் தெற்கே தள்ளி ஒரு சோளக்கொல்லை தேறியது. 1,000 அடியில் காற்றோடு, 600-இல் ஒரு திருப்பம், 300-இல் காற்றை எதிர்த்து நேராக என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். நன்றாகத் திறந்த கேனோபியில் வந்தும் தரைக்குப் பக்கத்தில் கூர்மையாகத் திரும்பி அடிபடுகிறவர்கள் இந்த விளையாட்டில் ஏராளம். பயப்பட வேண்டியது விமானத்தின் கதவைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்து.

தம்பியின் கேமரா ஆசைக்கும் அங்கேதான் முடிவு வந்தது. 200 குதிக்கு முன் ஹெல்மெட்டில் கேமரா வேண்டாம் என்பது பொதுவான பரிந்துரை. கவனம் படத்தில் போகும், கயிறு கேமராவில் மாட்டும். டேண்டத்தில் பயிற்றுநரே எடுத்துக் கொடுப்பார். குதிக்கப் பழகத்தான் ஆசை என்றால் இரண்டாவது டேண்டத்துக்குச் செலவழிக்காமல் நேராக ஏ.எஃப்.எஃப்.பில் சேரச் சொல்வேன். டேண்டம் என்பது சவாரி. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னதில் கொஞ்சம் மனக்கசப்பு.

இறங்கும்போது அக்கா சொல்லிக்கொண்டே வந்தவை: சளி பிடித்திருந்தால் குதிக்காதே, காது அடைத்துவிடும். ஸ்கூபா முங்கியிருந்தால் ஒரு நாள் முழுக்க இடைவெளி விடு. தாலியோ சங்கிலியோ, கழற்ற மனமில்லை என்றால் உள்ளே விட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழு. முதல் கேனோபியைப் பெரிதாக வாங்கு. உடம்பும் ரிக்கும் சேர்ந்து 82 கிலோ என்றால் 180 பவுண்டு, அதற்கு 190 சதுர அடிக்குக் குறையாமல். காப்பீட்டுப் பத்திரத்தில் சாகச விளையாட்டு என்ற வரியைத் தேடிப் படி, பெரும்பாலும் விலக்கித்தான் வைத்திருப்பார்கள். விமானத்தில் ரிக்கைக் கைப்பையாகவே எடுத்துப் போ, உள்ளே இருக்கும் கருவியின் எக்ஸ்ரே படம் போட்ட அட்டையைச் சோதனைக்காரரிடம் நீயே முதலில் நீட்டு.

உலகத்தில் எந்த ட்ராப் ஜோனிலும் முதன்முறையாக எதைச் செய்தாலும் செய்தவர் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். அப்பத்தா காதில் விழும் தூரத்தில் அந்தச் சட்டம் செல்லாது என்பதால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவாக மாற்றிக்கொண்டோம். அன்று மாலை உதவியில்லாமல் நான் மடித்து முடித்ததை அண்ணன் பிரித்துப் பார்த்துத் தலையசைத்திருந்தார், அதனால் கணக்கு என் பேரில். தம்பி கோபம் தணியாமல் ஸ்பெஷலாக இரண்டு சொன்னான்.