எழுத்தாணி ஏந்திய சாமி: காஞ்சி சித்திரகுப்தர் கோயிலும் சித்ரா பௌர்ணமி நோன்பும்

காஞ்சிபுரம் வருகிறவர்கள் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் மூவரையும் சேவித்துவிட்டுப் பட்டுக்கடைக்குப் போய்விடுகிறார்கள். ஊருக்கு நடுவே நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தர் கோயில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று நிலைக் கோபுரம் கொண்ட சிறிய கோயில். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

மற்ற ஊர்களில் சித்திரகுப்தரைத் தனித்துப் பார்ப்பது அரிது. ஸ்ரீவாஞ்சியத்தில் எமதர்மனுக்கு முதல் வழிபாடு. அவரோடு சித்திரகுப்தரும் இருக்கிறார். காஞ்சியில் அவரே மூலவர். அமர்ந்த திருக்கோலம், வலக்கையில் எழுத்தாணி, இடக்கையில் ஏடு. உற்சவர் தேவி கர்ணிகாம்பாளோடு காட்சி தருகிறார்.

இந்தச் சந்நிதியில் நிற்குமுன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்டிப்பது இவர் வேலை அல்ல; அது எமதர்மன் பொறுப்பு. இவர் எழுதுகிறவர். செய்ததைச் செய்தபடி எழுதுவார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதனால் இங்கே பயந்து நடுங்க வேண்டியதில்லை. பேரம் பேசவும் இடமில்லை.

“மலையளவு பாவத்தைக் கடுகளவாக்கு, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக்கு” என்று வேண்டிக்கொள்வது காலங்காலமாக இருக்கும் வழக்கம். கணக்கைத் திருத்தி எழுதச் சொல்வதாக இதை எடுத்துக்கொண்டால் வழிபாட்டின் பொருளே கெட்டுவிடும். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. முன்பே சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம்; ஏறுவினை என்றும் சொல்வார்கள். முதல் இரண்டும் எழுதி முடிந்த ஏடுகள். மூன்றாவதுதான் இன்னும் எழுதப்படாத ஏடு, அதில் என்ன ஏறப்போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. பாவம் கடுகளவாகவும் புண்ணியம் மலையளவாகவும் ஆக வேண்டியது அந்த மூன்றாவது ஏட்டில்தான். அப்படி வேண்டிக்கொண்டால் அது நாளைக் காலையிலிருந்து நாம் எப்படி நடப்போம் என்பதற்கான உறுதிமொழி ஆகிவிடுகிறது. நல்வினையும் உயிரைக் கட்டும், அதையும் கடந்தாக வேண்டும் என்று, நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றுபோலப் பார்க்கும் இருவினையொப்பில் சித்தாந்தம் இன்னும் மேலே போகிறது. அது நெடும்பயணம். தீவினையை நிறுத்துவதுதான் அதற்கு முதல் படி.

கேதுவுக்கு உரிய தெய்வமாகக் கருதப்படுவதால், பலவண்ணத் துணியும் கொள்ளும் எடுத்துக்கொண்டு தோஷ நிவர்த்திக்கு வருகிறவர்களும் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அர்ச்சனைச் சீட்டோடு கடமை முடிந்தது என்று கிளம்பாமல், கொஞ்ச நேரம் சந்நிதி எதிரில் உட்கார்ந்து அந்த வருஷத்தில் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று பெயர் பெயராக நினைத்துப் பார்ப்பது நல்லது. இதற்குத் தட்சிணை எதுவும் இல்லை. செய்வதுதான் கடினம்.

சித்ரா பௌர்ணமி இங்கே பெருநாள். சித்திரகுப்தருக்கும் கர்ணிகாம்பாளுக்கும் திருக்கல்யாணமும் வீதியுலாவும் நடக்கும். நாளைக் குறிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. திதி முதல் நாள் இரவே தொடங்கி மறுநாள் இரவு முடிவதும் உண்டு. அதனால் தினசரி நாள்காட்டியை மட்டும் நம்பாமல் கோயிலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இன்னொன்று, அதே நாளில்தான் வரதராஜப் பெருமாள் ஊருக்கு வெளியே ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுகிறார். அங்குள்ள நடவாவிக் கிணற்றில் தண்ணீரை முன்கூட்டியே இறைத்து வைத்திருப்பார்கள். பெருமாள் படி வழியே இறங்கி உள்ளிருக்கும் மண்டபத்தில் காட்சி தருவார். பிறகு பாலாற்றுக்குப் போவார். இரண்டையும் சேவிக்க நினைப்பவர்கள் சித்திரகுப்தரைக் காலையிலேயே தரிசித்துவிடுவது நல்லது. மாலைக்கு மேல் நெல்லுக்காரத் தெருவில் நகர இடமிருக்காது.

காஞ்சிக்கு வர முடியாதவர்கள் வீட்டில் நோன்பு இருக்கலாம். பூஜை இடத்தை மெழுகி, பச்சரிசி மாவில் ஏடும் எழுத்தாணியும் ஏந்திய உருவமாகக் கோலம் போட வேண்டும். வரைய வராதவர்கள் ஏட்டையும் எழுத்தாணியையும் மட்டும் வரைந்தாலும் போதும். “சித்திரகுப்தன் படியளப்பு” என்று ஒரு தாளில் எழுதி, பேனாவோடு கோலத்தின் அருகில் வைப்பார்கள்.

நோன்பில் இரண்டு விலக்குகள். ஒன்று உப்பு. மற்றொன்று பசுவின் பால், தயிர், மோர், நெய். சித்திரகுப்தர் காமதேனுவின் வயிற்றில் பிறந்தவர் என்பது ஐதீகம். தாயின் பாலை அவர் நோன்பில் எடுக்கக் கூடாது என்று எருமைப்பால் சேர்ப்பார்கள். இங்கேதான் நகரத்து வீடுகளில் நோன்பு தெரியாமல் பிசகுகிறது. கடையில் வாங்கும் பாக்கெட் பாலில் பெரும்பாலும் பசும்பாலும் கலந்திருக்கும். எருமைப்பால் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பாலே வேண்டாம், தேங்காய்ப்பால் போதும்.

நிவேதனத்துக்குச் சர்க்கரைப் பொங்கல்: பச்சரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், தண்ணீர் ஐந்து கப். அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்த பிறகே, ஒன்றரைக் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். முன்னாலேயே வெல்லம் சேர்ந்தால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப்பைக் கடைசியில் ஊற்றிக் கிளறி உடனே இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் தேங்காய்ப் பல்லை வறுத்துப் போடலாம். கூடவே உப்பில்லாமல் வேகவைத்த மொச்சையும் பானகமும். மாலையில் நிலா எழுந்த பிறகு நிவேதனம் செய்து சாப்பிடுவார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதுவரை பட்டினி கிடக்க வேண்டாம். உப்பில்லா உணவை நேரத்துக்குச் சாப்பிட்டாலும் நோன்பு நோன்புதான்.

தென்மாவட்டங்களில் இவருக்குச் சித்திரபுத்திர நயினார் என்று பெயர். தேனியிலிருந்து போடி போகும் வழியில் கோடாங்கிபட்டியில் தனிக்கோயிலும் உண்டு. பௌர்ணமியன்று ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து நயினார் கதை கேட்பார்கள். அதில் வரும் அமராவதி எல்லாத் தருமமும் செய்தவள், இந்த நோன்பு ஒன்றை மட்டும் விட்டவள். மேலுலகம் போனவளை, நோன்பை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். தருமம் செய்கிறவருக்கும் தன் கணக்கை ஒருமுறை தானே பார்க்கும் நாள் வேண்டும் என்பதை ஊர் மக்களுக்கு இவ்வளவு எளிதாகச் சொன்ன கதை வேறில்லை.

தானம் வெயிலை ஒட்டியது: நீர்மோரும் பானகமும், விசிறி, குடை, செருப்பு. மோருக்கு மட்டும் எருமைத் தயிர் தேட வேண்டியிருக்கும். கோலத்தில் வைத்த பேனாவோடு சில நோட்டுகளும் வாங்கி எடுத்து வைத்திருந்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எழுதாத பேனாவைக் கொடுக்க வேண்டாம், வாங்கும்போதே கிறுக்கிப் பார்த்து வாங்குங்கள்.